என் முதுகுக்கு ஒரு தூரி

நான் சிங்கப்பூருக்குப் போனது படுத்துப் பார்ப்பதற்காக. இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பி செந்தில் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குக் கோபம்.

பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர் நான். மழைக்காலம் தொடங்கியதும் ஆனைமலைக் காட்டோடைகளில் தும்பிகளை எண்ணப் போகும் ஒரு சிறு குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் பாசி படிந்த பாறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பின் அடிப்பகுதி நொறுங்கிவிட்டது. ஆணி வைத்துச் சரிசெய்து நடக்க விட்டார்கள். நடக்கலாம், மெதுவாக மலையும் ஏறலாம், ஆனால் ஈரத் தரையில் படுக்கக் கூடாது என்றார் டாக்டர். எங்கள் முகாமிலோ ஈரத் தரையை விட்டால் வேறு இடமில்லை, அதிலும் அட்டைகள். "இந்த வருஷம் நாங்க பாத்துக்கறோம் டீச்சர், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று குழுவில் அன்பாகச் சொன்னார்கள். அந்த அன்பு இரண்டு மழைக்காலம் நீடித்தது. மூன்றாவதும் அப்படிப் போனால் நான் இல்லாதது அவர்களுக்குப் பழகிவிடும், எனக்கும் பழகிவிடும் என்று பயமாக இருந்தது.

மரத்துக்கு மரம் கட்டும் தொங்குபடுக்கைதான் வழி என்று இணையத்தில் ஒன்றை வரவழைத்து வீட்டு மாமரத்தில் கட்டினேன். அரை மணி நேரத்தில் இடது கால் மரத்துப்போய், இறங்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூவி அழைக்க வேண்டியதாயிற்று. படத்தைப் பார்த்து வாங்கும் பொருள் இல்லை அது. சிங்கப்பூரில் தேக்கா சந்தைப் பக்கம் ஒரு கடையில் எல்லா வகையும் வைத்திருக்கிறார்கள், படுத்துப் பார்த்து வாங்கலாம் என்று காட்டு நண்பர் ஒருவர் சொன்னார். தம்பி இருப்பது அந்த ஊரில்தான். கோடை விடுமுறையும் வந்தது. கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் இறங்கினேன். செந்திலின் வீடு சுவா சூ காங்கில், பன்னிரண்டாவது மாடி. பெட்டியை வைத்ததும் கீழே காப்பிக் கடைக்கு அழைத்துப் போனான். பரோட்டாவுக்குக் குருமா எதிர்பார்த்த எனக்கு மீன் குழம்பு வந்தது. பக்கத்து மேசையில் ஒரு சீனத் தாத்தா அதே பரோட்டாவைச் சர்க்கரையில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் சர்க்கரை கேட்டு வாங்கித் தொட்டுப் பார்த்தேன். இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று தோன்றியது. கூடவே ஒரு பெரிய குவளையில் இஞ்சி டீ.

"தூரி வாங்கறதுக்கு ஏரோப்ளேன் ஏறி வந்த ஒரே ஆளு என்ற அக்காதான்" என்றான் செந்தில். எங்கள் பக்கத்தில் ஊஞ்சலுக்கும் தொட்டிலுக்கும் தூரி என்றுதான் பெயர். வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கியவனின் முகம் மாறிவிட்டது.

"கோயமுத்தூர் ஆஸ்பத்திரில இருபது நாள் உன்ற பக்கத்துல உக்காந்திருந்தேன். ராத்திரியெல்லாம் நீ முனகுனது இன்னும் என்ற காதுல இருக்குதுக்கா. மறுக்காவும் அந்தப் பாறைக்கே போறேங்கிற."

"பாறைக்கு இல்லடா, ஓடைக்கு."

அவன் எழுந்து போய்க் கை கழுவினான்.

வெள்ளிக்கிழமை காலையில் தனியாகவே தேக்காவுக்குப் போனேன். சந்தைக்குள் முருங்கைக்காயும் வாழைப்பூவும் எங்கள் ஊர் உழவர் சந்தையை விடப் பளிச்சென்று அடுக்கியிருந்தன. கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்டுப் பார்க்கலாமா என்று கை பரபரத்தது. அங்கே வந்த வேலை அது இல்லை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

சந்தைக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தது நான் தேடிய கடை. ரயில் பெட்டி போல நீளமான, குறுகலான கடை. வேலைக்காரர்கள் போடும் பூட்ஸ், கயிற்றுச் சுருள்கள், மழைக்கோட்டுகள், சின்னக் கேஸ் அடுப்புகள். கடைசியில் ஒரு இரும்புச் சட்டத்தில் கொக்கிகள். கடைக்காரர் காதர் பாய்க்கு அறுபது வயது இருக்கும். தாத்தா நாகூரிலிருந்து வந்தவராம், பாய் பிறந்தது இங்கே; பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டிருந்தது. தொங்குபடுக்கை வேண்டும் என்றேன்.

"யாருக்கும்மா ஹேமக்? பட்டாளத்துக்குப் போற மகனுக்கா?"

"எனக்குத்தான் பாய். காட்டுல படுக்க."

என்னை ஒருமுறை பார்த்தார். என் இடுப்புப் பட்டையையும் பார்த்தார்.

"முதுகா?"

"ஆணி வச்சிருக்கு."

"அப்ப இன்னிக்கி விக்க மாட்டேன் லா. முதல்ல படுங்க. அஞ்சு நிமிஷம் எல்லாமே சொகமாத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு என்னா சொல்லுதுன்னு கேக்கணும்."

மூன்று வகைகளை எடுத்துப் போட்டார். முதலாவது, இரண்டு முனையையும் சுருக்கிக் கட்டிய சாதாரண வகை. மடித்தால் ஒரு கை அளவுதான். நான் மாமரத்தில் கட்டி அவதிப்பட்டது இதைத்தான் என்றேன். "நீங்க நேரா படுத்திருப்பீங்க. வாழப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கும். கோணலாப் படுக்கணும், தலை இந்த மூலை, கால் அந்த மூலை" என்றார். இரண்டாவது, குறுக்கே படுக்கும் வகை. இரண்டு மரங்களும் நம் இடது பக்கமும் வலது பக்கமும் இருக்கும். மூன்றாவது, பாலம் போன்றது. தலைப்பக்கம் ஒரு கம்பும் கால்பக்கம் ஒரு கம்பும் துணியை விரித்துப் பிடிக்கும், அதில் நேராகவே படுக்கலாம்.

முதல் வகையில் கோணலாகப் படுத்துப் பார்க்கும்போதே பாய் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரம் ஆகிவிட்டது. நான் இறங்கப் பார்த்தேன்.

"எறங்காதீங்க, எறங்காதீங்க. கணக்கு கெட்டுப்போயிரும். பாதி கதவ எறக்கிட்டுப் போறேன். தொழுதுட்டு வந்துடறேன்."

முன்பின் தெரியாத ஒருத்தியைக் கடைக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டார். பூட்ஸ்களின் ரப்பர் வாசனையில், அரை இருட்டில், தெருவில் யாரோ யாரையோ கூப்பிடும் தமிழைக் கேட்டபடி தொங்கிக்கொண்டிருந்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கதவு மேலேறும் சத்தத்தில் விழித்தால் பாய் கையில் இரண்டு பிரியாணிப் பொட்டலங்கள். என் இடது கால் தொடை வரை மரத்துப்போயிருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே இறங்கினேன். அவரே புரிந்துகொண்டு பொட்டலத்தைப் பிரித்து, "சாப்பிடுங்க, அப்பறம் பேசலாம்" என்றார். எங்கள் ஊர்ப் பிரியாணியை விட இதில் காரம் குறைவு, நெய் அதிகம்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கையுறை வாங்க ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம். பெயர் அருள், ஊர் அறந்தாங்கி. கப்பல் பட்டறையில் கிரேனுக்குக் கயிறு கட்டும் வேலை என்று பாய் அறிமுகம் செய்தார். அருள் கையுறையைப் பார்க்கவே இல்லை, தொங்குபடுக்கையைத்தான் பார்த்தார்.

"கொக்கி ரெண்டும் ரொம்பக் கிட்டக்க இருக்கு பாய். இதுல யாரு படுத்தாலும் முதுகு மடங்கத்தான் செய்யும். இன்னும் நாலடி தள்ளி இருக்கணும்."

"கடையே அவ்வளவுதான் லா" என்றார் பாய்.

"அக்கா, இதுல படுத்துப் பாத்துட்டு வேணாமுன்னு முடிவு பண்ணிராதீங்க. வெளிய, நல்ல எடமாப் பாத்துக் கட்டணும். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான். எடம் கெடச்சா சொல்லுங்க, நான் வந்து கட்டித் தாரேன்."

எதற்கு உங்களுக்குச் சிரமம் என்று நான் இழுத்தேன். "சிரமமா? வாரம் பூரா இரும்பையே பாக்குறேன். எடம் கொஞ்சம் பச்சையா இருந்தாப் போதும்" என்று தன் போன் நம்பரைக் கொடுத்தார். பாய் மூன்று வகைகளையும் பைகளில் போட்டு என்னிடம் கொடுத்தார். முன்பணம் என்று நான் பையைத் திறந்ததும் கையை ஆட்டினார். "கொண்டாந்து குடுங்க, போதும்."

திரும்பும்போது வழி தப்பியது. தேக்காவிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வரை பெரிய ரயில். அங்கிருந்து சுவா சூ காங்குக்குச் சின்ன ரயில், ஓட்டுநரே இல்லாதது. கம்புகள் நீட்டிக்கொண்டிருந்த பையோடு வந்த முதல் வண்டியில் ஏறிவிட்டேன். அது புக்கிட் பாஞ்சாங்கை வட்டமடிக்கும் வண்டி. வீடுகளின் ஜன்னல் அருகே போகும்போது ரயிலின் கண்ணாடி தானாகவே வெள்ளையாக மங்கிவிடுகிறது, உள்ளே இருப்பவர்களின் வீடு நம் கண்ணில் படாமல் இருக்க. எங்கள் ஊர்ப் பேருந்துகள் வீட்டு வாசலில் காய்கிற துணியை உரசிக்கொண்டு போகும். அந்த மரியாதையை ரசித்துக்கொண்டே இருந்ததில், ஏறிய நிலையத்துக்கே மீண்டும் வந்துசேர்ந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண் ஒருவர் என் கம்பைப் பிடித்து, கதவில் மாட்டாமல் இறக்கிவிட்டு, சரியான மேடை வரை கூடவே வந்தார். "மீன் பிடிக்கவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தூங்க என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை முழுவதும் இடம் தேடினேன். பூங்கா மரங்களில் எதையும் கட்டக் கூடாது. அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் தூண்களிலும் கூடாது. நான் எதைக் கேட்டாலும் செந்திலிடமிருந்து ஒரே பதில்: "கூடாதுக்கா." கடைசியில், அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, படுக்கையறைக் கதவின் கீலில் ஒரு முனையைக் கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தவன் துண்டோடு அப்படியே நின்றான்.

"வூட்டுக் கதவைக் கழட்டிறாதக்கா" என்று நாற்காலியில் உட்கார்ந்தான். தலையைத் துவட்டினான். பிறகு, "கிராஞ்சில லிம் அங்கிள்னு ஒருத்தர் பண்ணை வச்சிருக்கார். நான் கீரை வாங்கற எடம். அவரு கொட்டகையில இரும்புத் தூணு இருக்குது. கேட்டுப் பாக்கறேன். ஆனா ஒண்ணு. நான் மணி பாப்பேன். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மணி நேரம் படுக்கோணும். எந்திரிச்சு நடந்து காட்டோணும். மூணுலயும் கால் மரத்துப்போச்சுன்னா காடுங்கற பேச்சையே உட்றோணும். சரியா?"

சரி என்றேன். லிம் அங்கிள் வரச் சொல்லிவிட்டார், அருளுக்கும் போன் செய்து சொன்னேன். இரவு தூக்கம் வரவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே அருள் வந்துவிட்டார், கையில் ஒரு பை நிறைய வடையோடு. செந்திலின் காரில் போனோம். லிம் அங்கிள் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக இருந்தார். எதற்கு வந்திருக்கிறோம் என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல், "பாம்பு வரும். இறங்கும்போது செருப்பைத் தட்டிப் போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு மின்விசிறியைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தார்.

அருள் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். தூணுக்குத் தூண் கால்களால் அளந்தார். அகலமான பட்டையைச் சுற்றி, முடிச்சைப் போட்டு, தன் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பார்த்தார். "ரொம்ப இழுத்துக் கட்டுனா கயித்துக்குச் சொமை கூடும். கொஞ்சம் தொங்கணும், சிரிச்ச வாய் மாதிரி" என்றார்.

முதலில் சாதாரண வகை. தூரம் விட்டுக் கட்டியதில் உண்மையாகவே நன்றாக இருந்தது. கோணலாகப் படுத்தேன். முதுகு நீண்டது. ஒரு மணி நேரம் வரை சந்தோஷம். அதற்குப் பிறகு அந்தப் பழைய மரமரப்பு, எறும்பு போலக் குதிகாலில் தொடங்கி மேலே ஊர்ந்தது. மடித்தால் ஒரு கையளவு, எடையே இல்லாத பை, எனக்குத் தோதான பை இதுதானே என்று மனம் அடித்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் ஆனதும் செந்தில் வந்து கேட்டான்.

"எப்படியிருக்குது?"

"நல்லா இருக்கு."

"காலு?"

"நல்லா இருக்குடா."

செருப்பைத் தட்டிப் போட்டு எழுந்தேன். இடது கால் இருக்கும் இடம் தெரியவில்லை. முட்டி மடங்கிச் சரிந்தவளை அருள் ஓடி வந்து தோளோடு பிடித்தார். செந்தில் அசையாமல் நின்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. கீரைப் பாத்திகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்து போய்விட்டான். ஆஸ்பத்திரியில்கூட அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது.

அருள் என்னை ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார வைத்து வடையை நீட்டினார். தன் வலது தோளைத் தடவிக்கொண்டார்.

"போன வருஷம் எனக்கும் இந்தத் தோளு வலி. சொன்னா வேலையிலேர்ந்து எடுத்துருவாங்கன்னு மறைச்சேன்க்கா. ஒரு நாளு பாரம் தூக்கறப்ப கை நழுவிருச்சு. கீழ ஆளு இல்ல. நல்லவேளை. அன்னிக்கி ராத்திரியே போயி சூப்பர்வைசர்ட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன்."

"எடுத்துட்டாங்களா?"

"இல்ல. வைத்தியம் பாத்தாங்க. ரெண்டு மாசம் கீழ நிக்கிற வேலை குடுத்தாங்க. நாந்தான் பயந்து கெடந்திருக்கேன்."

நான் எழுந்து, நொண்டிக்கொண்டே பாத்திப் பக்கம் போனேன். செந்தில் முதுகைக் காட்டி நின்றான். "பொய் சொல்லிட்டேன்டா. ஒரு மணி நேரத்துலயே மரத்துப்போச்சு. அதை இனித் தொட மாட்டேன்" என்றேன். அவன் திரும்பவில்லை. "இன்னும் ரெண்டு இருக்குதல்ல" என்றான்.

குறுக்கே படுக்கும் வகையில் இரண்டு மணி நேரமும் கால் மரக்கவில்லை. கட்டில் போலத் தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடுப்பைத் திருக வேண்டியிருந்தது; ஆணி வைத்த இடம் சுருக்கென்றது. காட்டில் நான்கு முறை எழுந்தால் நான்கு முறை அந்த வலி. "எறங்கறப்ப வலிக்குது" என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். அதை அருள் கழற்றினார்.

லிம் அங்கிள் கொய்யாப்பழம் வெட்டிக் கொடுத்தார், உப்பும் புளிப்பும் கலந்த ஏதோ ஒரு பொடி தூவி. அதைச் சாப்பிட்டுவிட்டுக் கம்பு வைத்ததில் ஏறினேன். முதலில் படகு போல ஆடியது. பிறகு அடங்கியது. தோள் இரண்டும் கொஞ்சம் இறுகின. முதுகு மட்டும், இரண்டு வருடத்தில் முதல் முறையாக, எதுவும் சொல்லவில்லை. தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. மின்விசிறி, மழை, தூரத்தில் தம்பியும் அருளும் ஏதோ பேசும் சத்தம். நன்றாகத் தூங்கிவிட்டேன்.

இரண்டு மணி நேரம் முடிந்தும் செந்தில் எழுப்பவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் நானாக விழித்தேன். அவன் பக்கத்தில் பெட்டியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலு?"

"மரக்கல."

"நெசமாவா?"

"தோள் இறுக்குது. அது நெசம். கால் மரக்கல. அதுவும் நெசம்."

இறங்கினேன். செருப்பைத் தட்டிப் போட்டு, கீரைப் பாத்தி கடைசி வரை நடந்து, மழையில் நனைந்தபடி திரும்பி வந்தேன். அருள் கை தட்டினார். லிம் அங்கிள் என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே அவரும் தட்டினார். செந்தில் தட்டவில்லை. அந்தப் படுக்கையில் தானே ஏறிப் படுத்தான். கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு கம்புகளைக் கழற்றிக் கையில் எடுத்து எடை பார்த்தான்.

"இதைத் தூக்கிட்டு மலை ஏறோணுமா?"

அதை நான் நினைக்காமல் இல்லை. துணி, கம்பு, கொசுவலை, மேல்விரிப்பு எல்லாம் சேர்ந்தால் கனமான பை. டாக்டர் எனக்குக் கனம் தூக்கவும் தடை போட்டிருக்கிறார். துணியை மடித்துப் பையில் வைத்தேன். அருளை இறக்கிவிட்டபோது செந்தில் காரிலிருந்து இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை அவன் அரை நாள் விடுப்பு எடுத்து என்னோடு தேக்காவுக்கு வந்தான். காதர் பாய் மூன்று பைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, தேர்வு முடிவைக் கேட்பவர் போல என் முகத்தைப் பார்த்தார். கம்பு வைத்ததைக் காட்டினேன்.

"கொஞ்சம் கனம் லா. ஆனா முதுகுக்கு அதுதான். நல்லா யோசிச்சீங்க" என்று புதிதாக ஒன்றை எடுக்கப் போனார்.

"பாய், ரெண்டு குடுங்க" என்றான் செந்தில்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் கயிற்றுச் சுருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குடா ரெண்டு?"

"பின்ன, கம்பை யாரு தூக்குவா?"

பாய் ஒரு நிமிடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டாவது படுக்கையை எடுக்க ஏணியில் ஏறினார். பிறகு மூவரும் சந்தைக்குள் போய் ஆளுக்கொரு தேநீர் குடித்தோம். என்ன பேசினோம் என்று நினைவில்லை.

ஜூன் மாதக் கடைசியில் செந்தில் ஒரு வார விடுப்பில் வந்தான். மலையில் முதல் நாளே அவன் காலில் ஏழு அட்டைகள். திட்டிக்கொண்டே என் படுக்கையைத்தான் முதலில் கட்டினான். மறுநாள் காலை முகாமுக்கு மேலே இருக்கும் பாறையடியில் போய் நின்றால் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. மழையில் அருகருகே தொங்கும் இரண்டு படுக்கைகளையும் படம் எடுத்து அருளுக்கு அனுப்பினோம், நன்றி என்று ஒரே ஒரு சொல்லோடு. வேலைக்கு நடுவிலும் உடனே பதில் வந்துவிட்டது.

"அக்காவோடது சரி. தம்பியோட முடிச்சு தப்பு. இப்பவே கழட்டிட்டு மறுபடி கட்டச் சொல்லுங்க."

செந்தில் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கிப் போய்க் கழற்றிவிட்டு மறுபடி கட்டினான்.